மலை வண்டிக்கு ஒரு மேசை: பணிமனையில் சங்கமும் நிர்வாகமும் கூடி உட்காரும் வழி

2025 மே மாதக் கடைசியில் சென்னையில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் 15-ஆவது ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படை ஊதியத்தில் 6 சதவீத உயர்வு. எட்டுக் கழகங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், அவர்களுக்காகப் பேசவந்த பல பத்துச் சங்கங்கள் என எல்லாரையும் ஒரே தாளில் அடக்கிய ஒப்பந்தம் அது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தின் பிரேக்கைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இருக்காது. இருக்கவும் முடியாது. இரவு மலையிலேயே தங்கி, விடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டிய ஓட்டுநருக்குப் படுக்க இடம் இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, முந்தைய நாள் அவர் எழுதிவைத்த பழுது பார்க்கப்பட்டதா என்பதெல்லாம் சென்னையில் பேசித் தீராத சங்கதிகள். அவற்றுக்குப் பணிமனைக்குள்ளேயே ஒரு மேசை வேண்டும். அந்த மேசையைப் போடும் முறையைச் சொல்வது இந்த அத்தியாயம். உதாரணத்துக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பணிமனை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். இதே முறை மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கும், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும், சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

யார் செய்யலாம், எதைச் செய்ய முடியாது

தொடங்குபவர் கிளைச் செயலாளராகவும் இருக்கலாம், கிளை மேலாளராகவும் இருக்கலாம். யார் தொடங்கினாலும் ஒரு வேலியை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மேசையில் உட்காரும் கூட்டுக் குழு வேறு, கூட்டுப்பேரம் வேறு.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. அப்படிப்பட்ட குழு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி 1960-இல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆலையில் வேலைமுறையை மாற்றும் திட்டத்துக்குப் பணிக்குழு சம்மதித்திருந்தது. அந்தச் சம்மதம் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது, சங்கத்தின் இடத்தைப் பணிக்குழு பிடிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1959-இல், இந்தியத் தொழிலாளர் மாநாடு இரண்டு பட்டியல்களைத் தந்திருந்தது. குடிநீர், உணவகம், ஓய்வறை, வெளிச்சம், காற்றோட்டம், விபத்துத் தடுப்பு ஆகியவை பணிக்குழு பேச வேண்டியவை. ஊதியம், போனஸ், வேலைப்பளு நிர்ணயம், ஆட்குறைப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை பேசக் கூடாதவை. அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் பணிக்குழு இருக்கிறது. கூடவே, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க்கும் குழு கட்டாயம். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேரைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். தனிநபர் குறைகள் அந்தக் குழுவுக்குப் போகட்டும். இந்த அத்தியாயத்தின் கூட்டுக் குழு எல்லாருக்கும் பொதுவான சிக்கல்களுக்கு மட்டும்.

கவனம்: கழகம், வாரியம், கூட்டுறவு ஆலை ஆகியவற்றின் தொழிலாளர் நிலை ஒன்று; வட்டாட்சியர் அலுவலகம் போன்ற அரசுத் துறை ஊழியரின் நிலை வேறொன்று. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழக அரசு ஏறக்குறைய 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்டில் டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் துறையில் இருப்பவர் இங்குள்ள படிகளைப் பின்பற்றலாம். சட்டப் பாதுகாப்பு மட்டும் அங்கே வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நடப்பு ஊதிய ஒப்பந்தத்தின் நகல். கழகத்தின் நிலையாணைகள். கடைசி மூன்று மாத டூட்டி பட்டியல். பழுதுப் பதிவேட்டின் அதே மூன்று மாதப் பக்கங்கள். ரத்தான நடைகளின் கணக்கு. ஒரு நீளமான கணக்கு நோட்டு. இவ்வளவு போதும். முதலில் லெட்டர்பேடு அடித்துவிட்டு அதன் பிறகு விவரம் தேடக் கிளம்புபவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

படி 1: ஒரே ஒரு சிக்கலைப் பிடித்தல்

முதல் கூட்டத்துக்கு இருபது கோரிக்கை எழுதிக்கொண்டு போவது நம் ஊர்ச் சங்கங்களின் நெடுநாள் பழக்கம். ஆர்ப்பாட்டத்தில் வாசிக்க அது சரிப்படும். கூட்டுக் குழுவில் இருபதும் ஊறுகாய் ஜாடிக்குள் போய்விடும். ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மூன்று தகுதிகள் இருக்க வேண்டும்:

1. இரு தரப்புக்கும் அதில் வலி இருக்க வேண்டும்.
2. பணிமனை அளவிலேயே, அல்லது விழுப்புரம் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலே தீரக்கூடியதாக இருக்க வேண்டும்.
3. தீர்ந்ததை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும்.

மலை வண்டியின் பழுதுப் பதிவேடு மூன்றுக்கும் பொருந்தும். ஓட்டுநர் எழுதுகிறார், தொழில்நுட்பப் பணியாளர் உதிரிப்பாகம் இல்லை என்கிறார், காலையில் வண்டி கிளம்ப வேண்டும் என்று மேலாளர் சொல்கிறார். நடை ரத்தானால் மேலாளருக்கு மேலிடத்துக் கேள்வி, நடத்துநருக்குப் படி இழப்பு, மலையூர்களான கரியாலூரிலும் சேராப்பட்டிலும் காத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலைக்குப் போகும் அரசுப் பேருந்து அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பணிமனையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனாலேயே இந்த ஒரு பொருளில் யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள்.

படி 2: எல்லாச் சங்கங்களையும் அழைத்தல்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டக் கூடாது. காரணம் 2018-இல் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜனவரி 4 அன்று 13-ஆவது ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊதியப் பெருக்கக் காரணி 2.44 என்று அரசு சொன்னது, 2.57 வேண்டும் என்று ஒரு பகுதிச் சங்கங்கள் கேட்டன. ஒத்துக்கொண்ட சங்கங்கள் கையெழுத்திட்டன, மற்றவை வெளியேறின. அன்று மாலையே பேருந்துகள் நிற்கத் தொடங்கின. பொங்கலுக்கு ஊர் திரும்பும் நேரம் அது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனை நியமித்த பிறகு, ஜனவரி 11-இல்தான் போராட்டம் முடிவுக்கு வந்தது. சட்டப்படி பார்த்தால் அந்த ஒப்பந்தத்தில் பழுதில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) பிரிவின்கீழ் போடப்பட்ட ஒப்பந்தம், கையெழுத்திட்டவரோடு கையெழுத்திடாத சங்கத்தையும், நாளைக்கு வேலையில் சேரப்போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தியது. 18(3) பிரிவு அப்படித்தான் சொன்னது. ஆனால் எட்டு நாள் வண்டி ஓடவில்லை. மேசைக்கு வெளியே விடப்பட்டவர்கள் தாளுக்குள் அடங்கமாட்டார்கள்.

பணிமனையில் செய்ய வேண்டியது: தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., பி.எம்.எஸ். என்று எத்தனை கொடி கம்பத்தில் பறக்கிறதோ அத்தனை கிளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கடிதம் போக வேண்டும். ஆளுங்கட்சிச் சங்கத்துக்கு நேரில், மற்றவர்களுக்குத் தபாலில் என்று பிரிக்கக் கூடாது. ஆட்சி மாறும்போது பெரிய சங்கமும் மாறும். குழு அதையும் தாண்டி நிற்க வேண்டும் என்றால் முதல் நாளே எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும்.

புதிய தொகுப்பின்படி, பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற தகுதிக்கு 51 சதவீத உறுப்பினர் ஆதரவு வேண்டும். அது எந்தச் சங்கத்துக்கும் இல்லையென்றால், 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தை மன்றம் அமைக்கலாம். அது பேரத்துக்கான கணக்கு. பணிமனைக் குழுவில் அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டிய கட்டாயமில்லை. கொண்டுவந்தால் முதல் கூட்டமே எண்ணிக்கைச் சண்டையில் முடியும்.

மாதிரிக் கடிதம்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். பொருள்: மலைவழித்தடப் பேருந்துகளின் பழுது நீக்கம் குறித்துக் கூட்டாக ஆலோசிப்பது தொடர்பாக. நமது பணிமனையின் மலைவழித்தட வண்டிகளில் கடந்த மூன்று மாதங்களில் எழுதப்பட்ட பழுதுகளின் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இதனை ஆராய்ந்து தீர்வு காண, அனைத்துச் சங்கங்களின் கிளைப் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் கொண்ட கூட்டம் ஒன்றைத் தங்களுக்கு வசதியான நாளில் நடத்தக் கோருகிறோம். ஊதியம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை இக்கூட்டத்தில் பேசப்படமாட்டா."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. மேலாளரின் தயக்கத்தில் பாதியைத் தீர்ப்பது அதுதான்.

படி 3: ஆட்களைத் தேர்ந்தெடுத்தல்

இரு பக்கமும் சம எண்ணிக்கை. ஐந்துக்கு ஐந்து என்றால் வசதி. தொழிலாளர் பக்கத்தில் ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர் மூவரும் கட்டாயம். கிளை நிர்வாகிகளாகப் பெரும்பாலும் ஓட்டுநரும் நடத்துநருமே இருப்பதால், ஸ்பேனர் பிடிக்கும் ஆள் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. பிரேக்கைப் பற்றிப் பேசும் குழுவில் பிரேக் கழற்றுபவர் இல்லாவிட்டால் பழி எல்லாம் அவர் தலையில் போய் விழும். பணிமனையில் பெண் ஊழியர் இருந்தால் அவருக்கு ஓர் இடம். ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையும் குறைந்தபட்சம் பார்வையாளராகவாவது உட்கார வைக்க வேண்டும். பழுதான வண்டியை மறுக்கும் துணிச்சல் அவர்களுக்குத்தான் மிகக் குறைவு.

நிர்வாகப் பக்கத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வர வேண்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பதை மட்டும் சொல்லக்கூடியவரை அனுப்பும் நிர்வாகம், கூட்டத்தை நடத்தாமல் இருப்பதே மேல்.

படி 4: கூட்டுப் படிப்பு

முதல் கூட்டத்தில் யாரும் கோரிக்கை வைக்க வேண்டாம். பழுதுப் பதிவேட்டை நடுவில் வைத்து, இரு தரப்பும் சேர்ந்து எண்ண வேண்டும். எத்தனை பிரேக் புகார், எத்தனை ஸ்டியரிங், எத்தனை டயர்? எழுதிய நாளுக்கும் சரிசெய்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? எந்த வண்டி எண் திரும்பத் திரும்ப வருகிறது?

சங்கம் ஒரு கணக்கு, நிர்வாகம் ஒரு கணக்கு என்று இரண்டு காகிதங்கள் மேசைக்கு வந்தால் மீதி நேரம் யார் கணக்கு சரி என்பதிலேயே கழியும். ஒரே நோட்டில், ஒரே பேனாவில் எழுதிய கணக்கை யாரும் மறுக்க முடியாது.

குறிப்பு: உட்காரும் முறையும் கவனிக்க வேண்டியது. மேலாளர் அறையில் அவர் நாற்காலியிலும் மற்றவர்கள் எதிரில் நின்றும் பேசுவது கூட்டமாகாது. ஓய்வறையிலோ உணவகத்திலோ எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட்டு, டீ வந்த பிறகு தொடங்கலாம்.

படி 5: முடிவை எழுதுதல்

ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு விவரம் வேண்டும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பது. மாதிரி:

"பொருள் 1: மலைவழித்தட வண்டிகளின் பிரேக் புகார். முடிவு: புகார் எழுதிய அன்றே பார்க்கப்படும், சரியாகாத வண்டி மலைக்கு அனுப்பப்படாது, மாற்று வண்டி தரப்படும். பொறுப்பு: உதவிப் பொறியாளர். தொடக்கம்: அடுத்த மாதம் 1-ஆம் தேதி. சரிபார்ப்பு: ஓட்டுநர் பிரதிநிதியும் தொழில்நுட்பப் பிரதிநிதியும் வாரம் ஒருமுறை பதிவேட்டில் கையொப்பமிடுவர்."

"ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்ற இரண்டு சொற்களையும் நோட்டில் எழுதுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிடலாம். தீராத பொருள் இருந்தால், தீரவில்லை என்றே எழுத வேண்டும். யார் என்ன சொன்னார் என்பதும் அதில் இருக்க வேண்டும். கூட்டம் கலையுமுன் குறிப்பைச் சத்தமாக வாசித்து, எல்லாரும் கையெழுத்திட்டு, மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தட்டச்சாகி வரும் கூட்டக் குறிப்பில் பேசியது ஒன்றும் இருக்காது.

படி 6: எல்லை தாண்டும் பொருளைச் சரியான வழியில் விடுதல்

பேசப்பேச டூட்டி நேரம் வந்தே தீரும். மலையில் தங்கும் வண்டியின் கிளம்பும் நேரத்தை மாற்றினால் ஓட்டுநரின் மொத்த நாளே மாறும். வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் முறை ஆகியவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஏ பிரிவு. புதிய தொகுப்பும் அதே 21 நாளைச் சொல்கிறது. கூட்டுக் குழுவில் தலையசைத்துவிட்டதால் அந்த அறிவிப்பு தேவையில்லை என்று ஆகாது. குழு ஒரு பரிந்துரையை எழுதலாம். மாற்றம் அறிவிப்பாக வரட்டும், சங்கங்கள் தங்கள் உறுப்பினரைக் கேட்டுப் பதில் சொல்லட்டும்.

இங்கே கைவசம் இருக்க வேண்டிய எண்கள் சில. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் போகுமுன் அரை மணி ஓய்வு; ஓய்வையும் சேர்த்து வேலை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்; ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு. இரவு தங்க வேண்டிய இடங்களில் ஓய்வறை தர வேண்டும் என்பதையும் அந்தச் சட்டம் தனிப் பிரிவாகவே எழுதியிருந்தது. இப்போது அது இன்னொரு புதிய தொகுப்பான தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டுவிட்டது. எந்த விதி எந்தத் தேதியில் நடப்பில் இருக்கிறது என்பதைக் கூட்டத்துக்கு முன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் சட்ட விளக்கத்தை நம்பி மேசைக்குப் போகக் கூடாது.

படி 7: மாதம் ஒரு நாள், மாறாத நாள்

மாதத்தின் இரண்டாவது புதன் என்றால் அதுவே நிரந்தரம். தீபாவளிச் சிறப்புப் பேருந்து, திருவண்ணாமலைத் தீபம் என்று கழகமே ஓடிக்கொண்டிருக்கும் வாரங்கள் வரும். அப்போது கூட்டத்தை அரை மணி நேரமாகச் சுருக்கலாம். ரத்து செய்யக் கூடாது. இரண்டு முறை ரத்தான கூட்டம் மூன்றாம் முறை கூடுவதில்லை.

இதற்கு முன்மாதிரி ரயில்வேயில் இருக்கிறது. சின்னசேலம் ரயில் நிலையத்தில் வேலை பார்ப்பவரின் குறை, சேலம் கோட்டத்தில் நடக்கும் நிரந்தரப் பேச்சுவார்த்தைக் கூட்டத்துக்குப் போகும். அந்த அமைப்பு 1952-இலிருந்து இருக்கிறது. எந்தச் சங்கம் அங்கே உட்காரலாம் என்பதை ரகசிய வாக்கெடுப்பு முடிவு செய்கிறது. கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. ஒன்றிய அரசு ஊழியருக்கான கூட்டு ஆலோசனை அமைப்பு 1966-இல் தொடங்கியது. சேலம் உருக்காலைக்காரர்களின் ஊதியத்தைப் பேசும் தேசியக் கூட்டுக் குழுவின் வேர் 1969-இல். இவை எல்லாமே சண்டை இல்லாமல் நடந்தவை அல்ல. உட்காருவதற்கு என்று ஒரு நாளும் இடமும் முன்கூட்டியே இருந்ததால், சண்டைக்குப் பிறகும் திரும்பி வர முடிந்தது.

தொலைவில் இன்னொரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் ஏபிசி என்ற அரசுப் பள்ளி மாவட்டம். 1993-இல் ஆசிரியர் வேலைநிறுத்தம் இரு தரப்பையும் கசப்பில் தள்ளியது. 1999-இல் ஒரு பங்காண்மை தொடங்கினார்கள். மாவட்ட அளவில் கண்காணிப்பாளரும் சங்கத் தலைவரும் தவறாமல் சந்திப்பது மட்டும் போதாது என்று, ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரும் அந்தப் பள்ளியின் சங்கப் பிரதிநிதியும் சந்திக்கும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். நம் ஊர்க் கணக்கில் அது பணிமனை மேசைதான்.

பாதுகாப்பு: இந்தப் பகுதியை இருமுறை படிக்கவும்

பேசியவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. குழுவில் பேசியதற்காக மெமோ, வழித்தட மாற்றம், இடமாற்றம் ஆகியவை கூடாது என்று முதல் கூட்டக் குறிப்பிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தகராறு நிலுவையில் இருக்கும்போது சில நிர்வாகிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் ஏற்பாடு பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவிலேயே இருந்தது. மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து பேர், அதிகபட்சம் நூறு பேர். அந்தப் பட்டியலைச் சங்கம் ஆண்டுதோறும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புதல் பெற்று வைத்திருக்க வேண்டும். பல கிளைகள் இதைச் செய்யாமல் விட்டு, மெமோ வந்த பிறகு தேடுகின்றன.

பழுதுப் பதிவேட்டில் எழுதியதைக் கைப்பேசியில் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மலைச் சரிவில் ஏதேனும் நேர்ந்தால் ஓட்டுநருக்கு அந்த ஒரு படம்தான் சாட்சி. படத்தைக் குழு உறுப்பினரிடம் தரலாம். முகநூலில் போட்டால் பேச வந்த மேசை அன்றோடு முடிந்துபோகும்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கூட்டுக் குழுவில் எடுக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவுக்கு மட்டுமே அது போக வேண்டும். புகார் தந்தவரின் பெயர் நோட்டில் ஏறக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவு செய்தது பற்றிய புகாரும் சமரசம் பேசும் பொருளல்ல. அதற்கான சட்டம் தனியாக இருக்கிறது.

பிரேக் பிடிக்காத வண்டியை இன்று ஒரு நாள் மட்டும் எடுத்துப்போகச் சொல்லி, சங்க நிர்வாகியே நண்பருக்குச் சிபாரிசு செய்வது நடக்கிறது. குழு வந்த பிறகு அது இன்னும் சுலபமாக நடக்கும், ஏனென்றால் மேலாளரும் செயலாளரும் நெருங்கிவிட்டார்கள். இது பங்காண்மையின் பெயரில் வரும் பெரிய கேடு. பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

தனி ஒருவரின் மெமோவை ரத்து செய்யக் கூட்டுக் குழுவைப் பயன்படுத்துவது. ஒரு முறை செய்துவிட்டால் அடுத்த மாதம் பத்துப் பேர் மெமோவோடு வாசலில் நிற்பார்கள், பிரேக் பேச நேரம் இருக்காது.

தீர்ந்த வேலையைத் தன் சங்கத்தின் சாதனை என்று நோட்டீஸ் அடிப்பது. மற்ற சங்கங்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டா. அறிவிப்புப் பலகையில் "கூட்டுக் குழு" என்ற பெயர் மட்டுமே வர வேண்டும்.

நிர்வாகம் செய்யும் தவறு வேறு மாதிரி. டீசல் சிக்கனம், வசூல் இலக்கு ஆகியவற்றைத் திணிக்கக் குழுவை ஒலிபெருக்கியாக்குவது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியை மலைவழித்தடத்துக்கும் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைக்கும் ஒரே அளவுகோலால் கேட்டால், மலை ஓட்டுநர் அன்றைக்கே நம்பிக்கையை இழப்பார்.

சர்க்கரை ஆலையில் நேர்வது: அரவை நடக்கும் மாதங்களில் கூட்டமே கிடையாது, அரவை முடிந்த பிறகுதான் பேச்சு. விபத்துகளுக்கு வாய்ப்புள்ள காலத்தில்தான் குழு கூட வேண்டும். கரும்புப் பட்டறையிலும் கொதிகலனிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் நின்றபடியே கூடினாலும் போதும்.

சிக்கிக்கொண்டால்

1. ஒரே பொருள் மூன்று கூட்டம் தாண்டியும் தீராவிட்டால், இரு தரப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கிளை மேலாளரும் சங்கங்களும் சேர்ந்து உதிரிப்பாகம் கேட்கும் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.
2. அதற்கும் பதில் இல்லையென்றால் பொருளைக் குழுவிலிருந்து முறைப்படி வெளியே எடுத்து, சங்கங்கள் சமரச அலுவலரிடம் கொண்டுபோகலாம். அதைத் துரோகமாக நிர்வாகம் எடுத்துக்கொள்ளக் கூடாது.
3. வேலைநிறுத்தம் வரை போனால், புதிய தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும் காலத்தில் நிறுத்த முடியாது. அந்த நாட்களிலும் பாதுகாப்புப் பொருளுக்காக மட்டும் குழு கூடுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், போராட்டம் முடிந்த மறுநாள் முகம் பார்த்துப் பேச வழி இருக்கும்.

படி 8: மேலாளர் மாறும் நாள்

பெரும்பாலான பணிமனைக் குழுக்கள் சண்டையில் சாவதில்லை, இடமாற்ற உத்தரவில் சாகின்றன. இரு தரப்பையும் பிடித்துவைத்திருந்த மேலாளர் போய்விடுவார், புதியவருக்கு நோட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே நோட்டு ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும்: ஒன்று கிளை அலுவலகக் கோப்பில், மற்றொன்று தொழிலாளர் பக்கத்துச் செயலாளரிடம். புதிய மேலாளர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், எல்லாச் சங்கப் பிரதிநிதிகளும் சேர்ந்து போய், சால்வைக்குப் பதிலாக அந்த நோட்டை அவரிடம் கொடுக்கலாம். தீர்ந்தவை எவை, தீராதவை எவை, அடுத்த புதன் எந்தத் தேதி என்று அரைப் பக்கத்தில் எழுதி முன்னால் ஒட்டியிருக்க வேண்டும்.

அதோடு ஓர் அழைப்பும் விடலாம்: அந்த மாதமே ஒரு மாலை வெள்ளிமலை வண்டியில் ஏறி, இரவு ஓட்டுநரும் நடத்துநரும் தங்கும் இடத்தில் தங்கி, காலை முதல் நடையில் அவர்களோடு இறங்கி வரும்படி. முன் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் பிரேக் சத்தத்தைக் கேட்டபடி கச்சிராயபாளையம் வந்து சேர்பவருக்குப் பழுதுப் பதிவேட்டை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.